முறிவில் ஒட்டிய பச்சை

ஆகஸ்ட் 4, திங்கள்

கத்தினால் பிரஷர் ஏறுகிறதாம். கத்தாதீங்க, வர்ற கோபத்தை ஒரு நோட்டில் எழுதி மூடி வையுங்க என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆயில் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று பிரிக்காமலே கிடந்தது. எடுத்தால் அட்டையில் பல்லி எச்சம். துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பமே இப்படி.

இன்று காலை ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வண்டியில் புல் வெட்டும் மெஷினை ஏற்றி வந்து என் ரிப்பேர் கடை வாசலில் இறக்கினார்கள். கையால் தள்ளிக்கொண்டு போகிற வகையில் பெரிய மெஷின். இறக்கும்போதே நாற்றம். இந்த மெஷின்கள் எல்லாம் மேலே பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வெட்டின புல் ஈரத்தோடு அடித்தட்டில் அப்பி, அதன்மேல் அடுத்த வாரத்துப் புல் அப்பி, அழுகி, புளித்து, கடைசியில் சாணியும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் என்னவோ ஒன்றாகிவிடும். இருபது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். இன்னும் எனக்குக் குமட்டுகிறது.

கூட வந்தவர் காலேஜ் மேனேஜர் சந்திரமோகன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தள்ளி நின்றே பேசினார்.

"போன வாரம் பிளேடு மாட்டற போல்ட் ஒடைஞ்சு பிளேடு பறந்துருச்சுங்க மேடம். கூட்டற பொம்பளை ஒருத்திக்குக் கால்ல அடி. தலைப்பாதி எங்கயோ தெறிச்சுப் போச்சு, மீதி போல்ட் உள்ளேயே நிக்குது. அதை எடுத்துட்டு வேற போட்டுக் குடுங்க. சுதந்திர தினத்துக்கு முன்னாடி கிரவுண்டு வெட்டியாகோணும்."

"கால்ல அடின்னா?"

"எலும்பு முறிஞ்சிருக்கு. பெரியாஸ்பத்திரில இருக்கா. அதைப் பார்த்துக்கலாம். ஓட்டுனவன்தாங்க காரணம். பங்குனிலதான் வேலைக்குச் சேர்த்தோம், அதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டான். குடிகாரப் பய. மெஷினைக் குறையே சொல்ல முடியாது. தை மாசம் தரச்சான்றுக் கமிட்டி வந்தப்ப நானே பக்கத்துல நின்னு அடி, மேல் எல்லாம் பெயிண்ட் அடிக்க வச்சேன். பாருங்க, புதுசாட்டம் இருக்கு."

"ஓட்டுனவர் பேரு என்னங்க?"

"நாச்சிமுத்துன்னு ஒருத்தன்."

என் புருஷன்.

அவன் அந்தக் காலேஜில் புல் வெட்டப் போகிறான் என்று பக்கத்து லேத் பட்டறை ஆறுச்சாமி அண்ணன் பங்குனியிலேயே சொல்லியிருந்தார். நான் கேட்காமலே சொன்னார். எந்த வேலை, எத்தனை மணிக்குப் போகிறான், எங்கே தங்கியிருக்கிறான் என்பதெல்லாம்கூட அவராகத்தான் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனை வீட்டை விட்டு அனுப்பியவள் நான்தான். குடி ஒரு காரணம். அவன் கை இன்னொரு காரணம். எந்த நட்டைக் கொடுத்தாலும் உயிர் போகிற மாதிரி முறுக்குவான். என் கடையில் அவன் முறித்த போல்ட்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்தன. போதும், போதும், அதுக்கு மேல இறுக்காதீங்க என்று பன்னிரண்டு வருஷம் கத்தினேன். பிரஷர் வேறு எங்கிருந்து வந்திருக்கும்? அந்தப் பொம்பளை காலை முறித்ததும் அதே கைதான். நேரில் 'நீங்க' என்றே வாய் பழகிவிட்டது. எழுத்திலாவது அவன் இவன் என்று எழுதிக்கொள்கிறேன்.

மேனேஜரிடம் நான் யார் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ரிப்பேருக்கு வந்த மெஷின், ரிப்பேர் செய்யப் போகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாள் முழுக்கச் சுரண்டினேன். தை மாதத்துப் பெயிண்டர்கள் புல்லைச் சுரண்டாமல் அழுகின புல்லின் மேலேயே பெயிண்டை ஊற்றியிருக்கிறார்கள். பச்சைத் தோல் மாதிரி உரிந்து வருகிறது. தோலுக்கு அடியில் புழு. ஒரு மூலையில் செத்த தவளை ஒன்று இருந்தது. அதற்கும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். காலை நீட்டினபடி பச்சைப் பசேலென்று இருந்தது. கமிட்டிக்காரர்கள் குனிந்து பார்த்திருந்தால் அதற்கும் ஒரு மார்க் போட்டிருப்பார்கள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கையை எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகவில்லை. பொட்டுக்கடலையும் டீயுமாக ஒப்பேற்றினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அடித்தட்டின் நடுப்பகுதி சுத்தமானதும் பிளேடு மாட்டுகிற அச்சு வெளியே தெரிந்தது. அதன் நடுவில் முறிந்த போல்ட் நிற்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளியே நீட்டியிருக்கிறது. மீதியெல்லாம் உள்ளே துருவோடு துருவாகிவிட்டது.

ஆறுச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன அம்மிணி யோசனை? துண்டு மேல ஒரு நட்டை வச்சு வெல்டு பண்ணிப்போடு. சூட்டுல துருவும் எளகிரும். ஸ்பேனரைப் போட்டுத் திருப்புனா வந்துட்டுப் போவுது. இல்லாட்டி நடுவுல டிரில்லப் போட்டுத் தள்ளு."

முறை அதுதான். நானும் நட்டை எடுத்து வைத்துவிட்டேன். வெல்டு பிடிக்க வேண்டுமானால் முறிந்த முகம் சுத்தமாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். சேறு போனது, கறுப்பு போனது. ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அது போன வாரம் புதிதாக முறிந்த இடம். மீதி முக்கால்வாசி பச்சையாக இருந்தது.

புல் என்றுதான் நினைத்தேன். மறுபடி துடைத்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். போகவில்லை. நேற்று முழுக்க அழுகல் புல்லில் கிடந்தவளுக்குத் தெரியாதா, வெட்டின புல் எத்தனை நாள் பச்சையாக இருக்கும்? கறுத்துவிடும். இது தகட்டில் இருக்கிற அதே பச்சை. அந்தத் தவளையின் பச்சை. பெயிண்ட்.

போல்ட் முறிந்த முகத்துக்குள் பெயிண்ட் போக வேண்டுமென்றால், பெயிண்ட் அடித்த அன்றே அங்கே விரிசல் இருந்திருக்க வேண்டும். கல்லிலோ தண்ணீர்க் குழாயிலோ பிளேடு எப்போதோ மோதியிருக்கும், போல்ட் விரிந்திருக்கும், அதற்குள் பெயிண்ட் ஓடியிருக்கும். பெயிண்ட் அடித்தது தையில். அவன் வேலைக்குச் சேர்ந்தது பங்குனியில். இரண்டையும் சொன்னது அந்த மேனேஜரே.

எடுத்து வைத்த நட்டை டப்பாவில் போட்டேன். வெல்டு வைத்தால் பெயிண்ட் எரிந்துபோகும். டிரில் போட்டால் முகமே இருக்காது. செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். தகட்டின் நிழல் விழுவதால் பச்சையும் கறுப்பும் ஒன்றாக விழுகிறது. புல் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். துண்டை முகத்தில் கீறல் படாமல் முழுசாக வெளியே எடுத்துக் காட்டினால்தான் உண்டு. தீ கூடாது, டிரில் கூடாது. ஊற வைத்து, தட்டி, பொறுமையாக. அந்தப் பொறுமை என்னிடம் என்றைக்கு இருந்தது?

அவனுக்காக இல்லை. யாராயிருந்தாலும் இப்படித்தான் செய்வேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முகத்தின் மேல் மெழுகு பூசி மூடினேன். துண்டைச் சுற்றிக் களிமண்ணால் கரை கட்டி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து நிரப்பினேன். அச்சைச் சுற்றிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். அசையவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் டைரியில் எழுத முடியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எனக்கு ஊற்றினது அதிகம். கொட்ட மனசு வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு வேலையும் இருந்தது. தூக்குவாளியோடு போனேன்.

கோழித்தீவன குடோனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறான். தெருவெல்லாம் கருவாட்டு நாற்றம். உள்ளேயும் குப்பையும் பீடித் துண்டும் பாட்டிலுமாக இருக்கும் என்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நுழைந்தேன். அறை கூட்டியிருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் சட்டை மடித்துப் போட்டிருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. என் வீட்டில் இருந்தபோது ஒரு தம்ளர் கழுவியவனில்லை.

பாயில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். தாடி வளர்ந்திருக்கிறது.

"கூழு மீந்துருச்சுங்க" என்றேன்.

வாங்கி வைத்தான். குடிக்கவில்லை. "மெஷினு உன்ற கடைக்குத்தான வந்துருக்கு?"

"ஆமாங்க."

"நாந்தான் முறிச்சேன், தெய்வான. அன்னிக்குக் காலைல மெஷினு நெம்ப ஒதறுச்சு. பிளேடு லூசாயிருச்சுன்னு நெனச்சு ஸ்பேனரப் போட்டு முழு பலத்துக்கு இறுக்குனன். நீ எத்தனை வாட்டி சொல்லியிருப்ப? கேட்டனா? மரகதம் பாவம் அக்கட்ட கூட்டிட்டு இருந்துச்சு. சத்தம் கேட்டுத் திரும்பறேன், கீழ கெடக்குது."

தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலேஜில் விசாரணைக்கு வரும் வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்களாம். என் தப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறானாம். அதை வைத்துப் போலீசில் கொடுத்தாலும் கொடுக்கட்டும் என்கிறான்.

"குடிச்சிருந்தீங்களா?"

"இல்ல."

யார் நம்புவது? ஜன்னல் கட்டையில் ஒரு குவாட்டர் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூடி உடைக்கவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலம் வாங்குனன். தொறக்கோணும்னுதான் வாங்குனன்" என்றான். "இன்னும் தொறக்கல."

இன்னும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பச்சையைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. துண்டு வராமலே போனால்? கையில் இல்லாததைக் காட்டி ஒருத்தனுக்கு ஆசை காட்டக் கூடாது. பாட்டிலைத் தூக்குவாளிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அது எதுக்கு?"

"துரு எளக்க வேணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த வேலையைப் பார்க்க மறந்துபோயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

சொன்ன சொல்லுக்காக அந்த பிராந்தியையும் ஊற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் என் குடும்பத்தையே கரைத்த சரக்கு, ஒரு துருவைக் கரைக்க மாட்டேன் என்கிறது. கடையெல்லாம் அந்த வாடை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புது போல்ட் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்பது பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. போனது போயிற்று என்று பெரியாஸ்பத்திரிக்குள் போய்ப் பார்த்தேன்.

எலும்பு வார்டு. பினாயில், சீழ், யாரோ சாப்பிட்டு வைத்த மீன் குழம்பு எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. சுவரில் வெற்றிலைச் சாறு. மரகதம் என் வயதுதான் இருப்பாள். முழங்காலுக்குக் கீழே உள்ளே தகடு வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டினேன். கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன்.

"நடக்க ஆறு மாசம் ஆகுமாம்" என்றாள். "அதுக்கப்புறமும் கூட்டற வேல செய்ய முடியுமான்னு தெரியலீங். காலேஜ்காரங்க வந்தாங்க. மெஷினு ஓட்டுன ஆளு மேல சாராய வாடை அடிச்சதுன்னு சொல்லு, ஆஸ்பத்திரிச் செலவ நாங்க பாத்துக்கறோம்ங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடிக்கலியே! அடிக்காத வாடைய எப்படிங் அடிச்சதுன்னு சொல்றது? அந்த மனுசன் மேல எப்பவும் புல்லு வாடைதான். காலைல டீ ஒண்ணு குடிப்பாரு, எனக்கும் ஒண்ணு வாங்கித் தருவாரு. அவ்வளவுதான் பழக்கம். இப்பத் தெனமும் வந்து கால்மாட்டுல உக்காந்துட்டு அழறாரு. எனக்கு வலிக்கிற வலில அதையும் பாக்க வேண்டியிருக்கு. வராதீங்கன்னு அவருகிட்ட யாராச்சும் சொன்னாத் தேவல." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்ங்?"

"மெஷின் ரிப்பேர் பண்றவ" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான். நான் கெஞ்சினபோது குடியை விடவில்லை, அடகுக் கடைக்கு நடந்தபோது விடவில்லை, அம்மா செத்த அன்றைக்குக்கூட விடவில்லை. என்னை விட்டுப் போன பிறகு விட்டிருக்கிறான். ஊரான் வீட்டுப் பொம்பளைக்கு டீ வாங்கிக் கொடுத்து நல்ல மனுஷன் என்று பேர் வாங்கியிருக்கிறான். அந்த நல்ல மனுஷனை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது. அவன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சந்திரமோகன் வந்தார். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை.

"நீங்க நாச்சிமுத்து சம்சாரமாமே! சொல்லவே இல்லையே மேடம்."

ஆறுச்சாமி அண்ணன் வேலைதான். பக்கத்து லேத்தில் டீ குடித்துக்கொண்டே உளறியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் உள்ளே போய் மோட்டாரைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க கேக்கலீங்களே" என்றேன்.

"ஒரு வாரமா ஒரு துண்டு போல்ட்டை எடுக்க முடியலீங்களா? டிரில் போட்டா ஒரு மணி நேர வேலையாம், ஆறுச்சாமியே சொல்றாரு. நாளைக்குக் காலைல வண்டி அனுப்பறேன். மெஷினைக் குடுத்துருங்க. அவரே டிரில் போட்டுத் தரட்டும்."

"முழுசா எடுத்துத் தர்றேனுங்க."

"முழுசா எடுத்து என்ன பண்ணப் போறீங்க? குப்பைக்குப் போற துண்டு." குனிந்து என்னவோ பார்க்கப் போனவர் வாடை தாங்காமல் நிமிர்ந்துவிட்டார். அந்த நாற்றத்துக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன்.

அவர் போனதும் கவ்விப் பூட்டிக்கொள்கிற வைஸ் கிரிப் குறடை மாட்டி முழு பலத்துக்கு இழுத்தேன். பிடி வழுக்கி என் விரல் முட்டி உரிந்ததுதான் மிச்சம். இன்னும் ஒரு முறை இப்படி இழுத்தால் துண்டு நசுங்கிவிடும். அவன் கைக்கும் என் கைக்கும் என்ன வித்தியாசம்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடிந்ததும் அடுப்பில் பெரிய குண்டாவில் தண்ணீர் வைத்தேன். தீ வைத்தால்தானே பெயிண்ட் எரியும்? கொதிக்கிற தண்ணீரை அச்சின் வெளிப்பக்கமாக மட்டும் ஊற்றினால் அச்சு கொஞ்சம் விரியும், முகத்துக்குச் சூடு குறைவு. தளதளவென்று கொதித்ததைச் சொம்பில் எடுத்துச் சுற்றிச் சுற்றி ஊற்றினேன். வெந்த புல் வாடை கிளம்பியது. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி ஊற்றினேன். எண்ணெய் விட்டேன். தட்டினேன்.

துண்டின் இரண்டு பக்கமும் அரத்தால் ராவி வைஸ் கிரிப் வழுக்காமல் இருக்க இடம் செய்திருந்தேன். மாட்டினேன். இப்போது இளக்குகிற பக்கம் திருப்பவில்லை. இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை. துரு பிடித்ததை அப்படித்தான் ஏமாற்ற வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

'கிறிச்' என்று ஒரு சத்தம்.

என் எலும்புதான் என்று நினைத்தேன். இல்லை, துரு. அப்புறம் இளக்குகிற பக்கம் கொஞ்சம். திரும்ப இறுக்கி, திரும்ப இளக்கி, எண்ணெய் விட்டு, பச்சைக் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினேன். கறுப்புச் சாறு வழிந்தது. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. நிமிரவில்லை. காலேஜ் டிரைவர் வந்து வாசலில் நின்று, "மெஷினை ஏத்தச் சொன்னாருங்க" என்றபோது துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

மெழுகைத் துடைத்தேன். முக்கால்வாசி பச்சை. கால்வாசி பளபளப்பு. ஒரு கீறல் இல்லை.

"போல்ட் வந்துருச்சு, புதுசு போட்டு அனுப்பறேன்னு போய்ச் சொல்லுங்க" என்றேன். டிரைவருக்கு வேலை மிச்சம், உடனே போய்விட்டார். ஆறுச்சாமி அண்ணன் மெதுவாக வந்து பார்த்தார். "தீ வைக்காமயா எடுத்த?" என்றார். ஒரு வாரத்துக்கு அவரோடு பேசுவதாக இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

துண்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போய் விவரம் சொன்னேன். தை, பங்குனி, பெயிண்ட், எல்லாம். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"கடைசியா இறுக்குனது நாந்தான?" என்றான்.

"அதுக்கு முன்னாடியே முக்கால்வாசி விரிஞ்சு கெடந்துருக்குங்க. நீங்க இறுக்காட்டியும் போயிருக்கும்."

"எனக்கு மனசு ஆறட்டும்னு சொல்ற."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"அதான். எத்தனை வருசம் உன்ற கூட இருந்தேன்? ஒரு நாளாச்சும் என்ற மேல தப்பில்லைன்னு சொல்லியிருக்கியா? இப்ப வந்து சொன்னா எப்படி நம்பறது?"

கோபம் மண்டைக்கு ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். ஆனால் அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். துண்டை அவனிடம் கொடுக்கவில்லை. தொலைத்துவிடுவான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிரின்சிபால் அறையில் ஏசி. ரூம் ஸ்பிரே அடித்துச் செண்டு வாடை. அழுகின புல்லே தேவலை. பிரின்சிபால், சந்திரமோகன், மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்டிலிருந்து ஹேமலதா என்ற பேராசிரியை, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு நாற்காலி போடவில்லை.

"இவங்க எதுக்கு?" என்றார் சந்திரமோகன்.

"ஒடைஞ்ச போல்ட்டைக் கொண்டாந்துருக்கேனுங்க" என்று மேஜையில் வெள்ளைத் துணியைப் பிரித்து வைத்தேன்.

பேராசிரியை எடுத்து ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சார், இது பழைய விரிசல். உள்ள பெயிண்ட் எறங்கிக் காஞ்சிருக்கு. கடைசியா நின்னது இந்த ஓரம் மட்டுந்தான்" என்றார்.

"பெயிண்ட் எப்ப அடிச்சது?" என்று பிரின்சிபால் கேட்டார்.

சந்திரமோகன் ஃபைலைப் புரட்டினார். நான்தான் சொன்னேன். "தையிலீங்க. மேனேஜர் சாரே பக்கத்துல நின்னு அடிக்க வச்சாருங்களாம். அவருதான் எங்கிட்டச் சொன்னாரு."

"நாச்சிமுத்து எப்ப ஜாயின் பண்ணினார்?"

"பங்குனி, சார்" என்றார் சந்திரமோகன்.  பிறகு அவரே, "அந்தப் பெயிண்டர் பசங்க மேல ஆக்ஷன் எடுத்துரலாம் சார். விரிசல் இருந்தா அவனுங்கதான சொல்லியிருக்கோணும்?" என்றார். இத்தனை நாள் சுரண்டினதில் இவ்வளவு அழுகல் அந்த மெஷினுக்கு அடியில்கூட இல்லை.

"பிளேடு பறக்கறவரைக்கும் வருசத்துல ஒரு தடவையாச்சும் சர்வீசுக்கு விட்டீங்களா?" என்று பேராசிரியை அவரைக் கேட்டார். அவர் கைக்குட்டையை எடுத்தார். மரகதத்திடம் சாராய வாடை என்று சொல்லச் சொன்னதையும் நான் போட்டு உடைத்தேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஸ்பத்திரிச் செலவைக் காலேஜ் ஏற்கும், நாச்சிமுத்து மேல் நடவடிக்கை இல்லை என்றார். கிளம்பலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். பேராசிரியையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அன்னிக்குக் காலைல நான் அதை நெம்ப இறுக்கீட்டனுங்க. அதனாலதான் ஒடைஞ்சுதா? மறைக்காமச் சொல்லுங்க" என்றான்.

எனக்கு அவன் காலை மிதிக்க வேண்டும் போலிருந்தது. வாசல் வரை வந்த நல்லதை உதைத்துத் தள்ளுகிறான். பிரின்சிபால் நிமிர்ந்து பார்க்கிறார். சந்திரமோகனுக்கு முகத்தில் களை வந்துவிட்டது.

அந்த அம்மா போல்ட்டை அவன் கையில் கொடுத்தார். "இவ்வளவுதான் ஒட்டிட்டு இருந்திருக்கு, பாருங்க. நீங்க அன்னிக்குத் தொடாமலே விட்டிருந்தாலும் மெஷின் ஓடின ஓட்டத்துல ஒடைஞ்சிருக்கும். உங்க கை காரணம் இல்லை."

அவன் அங்கேயே, அந்த ஏசி அறையில், தரையில் உட்கார்ந்துவிட்டான். மூக்கும் கண்ணும் ஒழுக, ஐந்து வயசுப் பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். மூக்குச்சளி மீசையில் வழிகிறது. துடைக்கத் துணி இல்லை. என் முந்தானையைக் கொடுத்தேன். நல்ல புடவை. நாலு தண்ணீரில் அலசினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிரவுண்டு வெட்டாமலே கொடி ஏற்றினார்களாம். சந்திரமோகன் பேண்ட் முழுக்க நாயுருவி முள் ஒட்டியிருந்ததாம். ஆறுச்சாமி அண்ணன் சொன்னார். பேசக் கூடாது என்றிருந்தேன், இதற்காகப் பேசிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சந்திரமோகன் அதே நாற்காலியில்தான் இருக்கிறாராம். அவனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போக மாட்டேன் என்கிறானாம். மெஷினைத் தொடவே பயமாக இருக்கிறதாம். மரகதத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அவனை அங்கே பார்த்தேன். இப்போது அழுவதில்லை. டீ வாங்கி வந்தான். எனக்கும் ஒன்று.

சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

புது போல்ட் வந்துவிட்டது. காலையில் கடை திறக்கும்போது அவன் எதிரே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. தகட்டுச் சுரண்டியை எடுத்துப் படியில் வைத்தேன். "இன்னும் அந்த மூலைல புல்லு ஒட்டிட்டிருக்குது" என்றேன்.

மத்தியானம் வரை சுரண்டினான். அந்த வாடையில் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிளேடை வைத்தேன், புது போல்ட்டைக் கையால் ஏற்றினேன். ஸ்பேனரை அவனிடம் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றான். பிடியுங்க என்றேன். பிடித்தான். ஒரு திருப்பு திருப்பிவிட்டு எடுத்துவிட்டான். பிளேடு கடகடவென்று ஆடுகிறது.

"இறுக்குங்க."

இன்னும் கொஞ்சம் திருப்பினான். எந்த நட்டையும் நெரித்தே பழகின கை, கொசு உட்கார்ந்த மாதிரி ஸ்பேனரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 

"பத்தாது. இறுக்குங்க."

"ஒடைஞ்சுருமோ?"

"ஒடையாதுங்க. இது புதுசு."

"போதுமா?"

"இன்னும்."

"தெய்வான, போதுமா பாரு."

"இன்னும் இறுக்குங்க" என்று கத்தினேன். டாக்டரம்மா மன்னிக்கட்டும். அவன் கை ஸ்பேனரிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. வேறு வழியில்லாமல் அந்தக் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உட்கார்ந்தது. பிளேடு ஆடவில்லை.

வேலை முடிந்த பிறகும் கையை எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கிரீஸ், அழுகல் புல், வியர்வை, எது யாருடையது என்று தெரியாமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே அருவருப்பு. சோறு உண்ணும் நேரம் வந்த பிறகுதான் கழுவினோம்.